நிமிராத முழங்கை, ஜவ்வில்லாத முழங்கை

1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார், முத்தையா முரளிதரன் வீசிய மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை நோ-போல் என்று கை நீட்டினார். அதன்பின் ஓர் ஆண்டு முடிவதற்குள், அமெரிக்காவில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்போல் கழகத்தின் பணியாளர் ஒருவர் ஒரு சஞ்சிகையின் அட்டைப்படத்தில் கண்ணை நிறுத்தினார். 1996 ஒலிம்பிக் அணியின் பந்து வீச்சாளர்கள் வரிசையாக நின்ற படம் அது. அவர்களில் ஆர்.ஏ. டிக்கி என்ற இளைஞரின் வலக்கை மட்டும் மற்றவர்களின் கையைப் போலத் தொங்கவில்லை. இருவருடைய கையிலும் கோளாறு இருப்பதாக முதலில் சொன்னது கருவியல்ல, வெறுங்கண்.

முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. டிக்கியின் வலது முழங்கையில், எல்லா மனிதர்க்கும் இருக்கும் உட்பக்க ஜவ்வு இல்லவே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த வைத்தியர்கள், கதவுக் குமிழைத் திருகினாலே இந்தக் கை வலிக்க வேண்டுமே என்று வியந்தார்கள். பேஸ்போலில் பந்து வீசுவோருக்கு அடிக்கடி கிழிவது இதே ஜவ்வுதான். அதைப் புதிதாகக் கட்டும் சத்திரசிகிச்சையை வைத்தியர் பிராங்க் ஜோப், டொமி ஜோன் என்ற வீரருக்கு முதன்முதலாகச் செய்தது 1974 செப்டம்பரில். டிக்கி பிறந்தது அடுத்த மாதம். கிழிவதற்கு ஜவ்வே இல்லாத ஒருவர் அந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று சொல்லிவிட்டு நகர முடிந்தாலும், மனம் அங்கே சற்று நின்றுதான் போகிறது.

கோளாறு தெரிந்தபின் இரண்டு விளையாட்டுகளும் கேட்ட கேள்விகள் வேறு. கிரிக்கெட் கேட்டது, இது சட்டப்படியான வீச்சா என்று. பேஸ்போல் கேட்டது, இந்தக் கை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று. முரளி மீது விழுந்தது, கையை மடக்கி நிமிர்த்தி ‘எறிகிறார்’ என்ற பழி. டிக்கிக்குக் கிடைத்தது விலைக்குறைப்பு: ரேஞ்சர்ஸ் 8,10,000 டொலருக்குப் பேசியிருந்த ஒப்பந்தத் தொகை 75,000 டொலராக இறங்கியது. முன்னவரை நடுவர் தடுத்தார். பின்னவரைக் கணக்காளர் தடுத்தார்.

இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. பேஸ்போல் சட்டம் வீச்சாளரின் காலைப் பார்க்கும், பந்தில் எதையாவது பூசினாரா என்று பார்க்கும். முழங்கையைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. மடக்கி நிமிர்த்தி எறிவதுதான் அங்கே தொழில். முரளி நாஷ்வில்லில் பிறந்திருந்தால் அவர் கையை எந்த நடுவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். டிக்கி கண்டியில் பிறந்து கை நிமிரப் பந்து வீசியிருந்தால், ஜவ்வு இல்லாத செய்தி அவருக்கே கடைசிவரை தெரியாமல் போயிருக்கலாம்.

சந்தேகத்தை இருவரும் கடந்த விதமும் வேறுவேறு. முரளியின் கை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் ஆய்வுகூடம் ஏறி இறங்கியது. 2004 இல், கை மடங்க முடியாதபடி உருக்குக் கம்பி பதித்த கட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, கெமராவுக்கு முன்னால் தன் பந்து வகைகளை வீசிக் காட்டினார். அதே காலத்தில் சர்வதேச கிரிக்கெட் சபை மற்ற வீச்சாளர்களையும் அளந்து பார்க்க, கை சுத்தம் என்று பெயரெடுத்த பலருடைய முழங்கையும் வீசும்போது சில பாகைகள் நிமிர்வது தெரிந்தது. 2005 முதல் எல்லோருக்கும் 15 பாகை என்று எல்லை வந்தது. முரளிக்காகச் சட்டத்தையே வளைத்தார்கள் என்று முணுமுணுப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்பேர்னில் அதே நாளில், எதிர்முனை நடுவர் ஸ்டீவ் டன்னின் பக்கமிருந்து முரளி வீசியபோது ஒரு நோ-போலும் விழவில்லை. அதே கை, அதே வீச்சு; ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் சரி. அப்படிப்பட்ட சட்டம் அளவுகோலுக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

டிக்கிக்கு விசாரணையும் இல்லை, விடுதலையும் இல்லை. 2001 இல் பெரிய லீக்கில் அறிமுகமானாலும், கீழ்மட்டக் கழகங்களுக்கும் மேலுக்குமாக வருடக்கணக்கில் அலைந்தார்.

இருவரையும் தூக்கிவிட்டது பாதை மாற்றம்தான். புனித அந்தோனியார் கல்லூரியில் மித வேகத்தில் பந்து வீசிக்கொண்டிருந்த முரளியைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. முரளிக்கு அப்போது 14 வயதளவில் இருக்கும். டிக்கிக்கு அந்தத் திருப்பம் வந்தது 30 வயதுக்குப் பிறகு: வேகத்தை விட்டுவிட்டு, விரல்நகங்களால் பந்தைப் பிடித்து விடும் நக்கிள்போலை முழுநேரத் தொழிலாக எடுத்தார். 2006 ஏப்ரலில் அந்தப் பந்தை நம்பி ஆரம்பித்த முதல் ஆட்டத்திலேயே எதிரணி ஆறு ஹோம் ரன் அடித்தது. சிறுவயதில் தோற்றால் அது பயிற்சி. முப்பத்தொரு வயதில் தோற்றால் வேலை போகும்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. முரளியின் பந்துக்கு உயிர் சுழற்சி. தோள், முன்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து முறுக்கி அனுப்பும் பந்து, விழுந்த இடத்திலிருந்து துடுப்பாட்ட வீரரின் காலைச் சுற்றி உள்ளே வரும். தூஸ்ராவானால் எதிர்ப்பக்கம் ஓடும். டிக்கியின் பந்துக்கு உயிர் சுழலாமை. சுற்றாமல் மிதந்து போகும் பந்தின் தையல்மேல் காற்று மோத, அது எந்தப் பக்கம் சரியும் என்று வீசியவருக்கே தெரியாது. பிடிப்பவருக்கும் தெரியாததால் அவர் வழக்கத்தைவிடப் பெரிய கையுறையோடு உட்காருவார். முரளிக்குத் தரை வேண்டும். டிக்கிக்குக் காற்றுப் போதும். முரளிக்குத் தன் பந்து எங்கே போகும் என்பது தெரியும். டிக்கி அதைக் காற்றின் பொறுப்பில் விட்டார். இப்படி நேரெதிர்த் திசையில் போன இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: அடிப்பவர் கணித்து முடித்த பின்னால் திசை மாறும் பந்து. நேரான கைகளுக்கு வேகம் இருந்தது. இந்த இரண்டு கைகளும் ஏமாற்றப் படித்துக்கொண்டன.

சாதனையை நிறுத்துப் பார்த்தால் தராசு நிற்காது. முரளி 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட். இன்றுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. டிக்கி மொத்தத்தில் 120 வெற்றி, 118 தோல்வி. ஆனால் 2012 இல் 20 வெற்றி, 6 தோல்வி என்ற கணக்கோடு, சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்ற முதல் நக்கிள்போல் வீச்சாளர் ஆனார். அப்போது அவருக்கு 38 வயது. முரளி அதே வயதில்தான், 2010 ஜூலையில், காலியில் 800ஐத் தொட்டு டெஸ்டிலிருந்து விடைபெற்றார்.

எண்ணிக்கை என்றால் இன்னொன்று. 1998 இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை வீழ்த்த முரளி வீசியது 113.5 ஓவர், அதாவது 683 பந்து. பேஸ்போலில் ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர் நூறு பந்தளவில் வெளியே அழைக்கப்படுவார். பிறகு நான்கைந்து நாள் ஓய்வு. முரளியின் ஒரு டெஸ்ட், அங்கே ஒரு மாத வேலை. எண்ணிக்கை எங்கள் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கும் புதிதல்ல: சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் விழாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அமெரிக்காவில் கையைக் காப்பாற்ற மேல் எல்லை போட்டு எண்ணுகிறார்கள். பசறையிலும் நமுனுகுலவிலும் கீழ் எல்லை போட்டு எண்ணுகிறார்கள்.

முரளி ஊவாவின் பிள்ளையல்ல, கண்டிக்காரர். ஆனாலும் அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் என்பதால், அப்புத்தளை லயத்திலும் ஹாலி-எல கடைவீதியிலும் ‘நம்ம ஆளு’ என்று சொல்ல எவருக்கும் தயக்கமில்லை. டிக்கியை இங்கே யாருக்கும் தெரியாது. பேஸ்போலுக்கும் நமக்கும் இடையில் இருப்பது ஒரு மெல்லிய சினிமா இழைதான். வாரணாசிப் பக்கத்து ஈட்டி எறியும் இளைஞர் தினேஷ் பட்டேல், ரிங்கு சிங்குடன் சேர்ந்து 2008 இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கழகத்தில் வீச்சாளராக ஒப்பந்தமானார். அந்தக் கதையைச் சொல்லும் 2014 ஹொலிவுட் படத்தில் தினேஷாக நடித்த மதுர் மிட்டல்தான், 2023 இல் வந்த ‘800’ படத்தில் முரளியாகவும் நடித்தார். ஒரே நடிகர், ஒரு வேடத்தில் எறிபவர், மறு வேடத்தில் எறியவில்லை என்று நிரூபிப்பவர்!

இரண்டு முறைகளில் எது நியாயமானது? பேஸ்போல் டிக்கியை ஒருநாளும் ஏமாற்றுக்காரர் என்று அழைக்கவில்லை. அந்த அவமானம் முரளிக்கு மட்டுமே கிடைத்தது. ஆனால் டிக்கியின் வெற்றி டிக்கியோடு முடிந்தது. அடுத்த ஜவ்வில்லாத இளைஞனுக்கும் கழகங்கள் விலையைக் குறைக்கத்தான் செய்யும். முரளி பட்ட பாட்டிலிருந்தோ ஓர் அளவுகோல் பிறந்தது. அந்த 15 பாகை இன்று ஒவ்வொரு வீச்சாளருக்கும் பொருந்தும். மனிதரை வதைத்த விளையாட்டே கடைசியில் நேர்மையானதைச் செய்தது என்பது என் தீர்ப்பு.

ஊவாவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் கிடையாது. ஊவா என்ற பெயரைத் தாங்கிய அணி 2012 இல் இலங்கை பிரீமியர் லீக்கை வென்றபோதும் ஓர் ஆட்டமும் இந்த மலைகளுக்கு வரவில்லை. பயலொருவன் டென்னிஸ் பந்தைக் கோணல் கையால் வீசுவதைப் பார்க்கப்போகிறவர் பெரும்பாலும் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர்தான். அவருக்கு ஒரு வேண்டுகோள்: ‘எறிகிறான்’ என்று ஒதுக்குவதற்கு முன், அந்தப் பந்து எங்கே விழுந்து எங்கே திரும்புகிறது என்பதை ஒரு தவணையாவது பொறுத்திருந்து பாருங்கள்.