ஹேண்டில்பார் கிளாம்ப் வடிவமைப்பு

ஹேண்டில்பார் கிளாம்ப் என்பது சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரைச் சுற்றிக் கவ்வி, விளக்கு, மணி, வேகமானி, கேமரா, கைபேசி போன்ற துணைக்கருவிகளைத் தாங்கும் உறுப்பு. ஒரே விட்டமுள்ள குழாய்க்காகச் செய்யப்படுவது நிலையான கிளாம்ப். பல விட்டங்களுக்குப் பொருந்துவதும், துணைக்கருவியின் கோணத்தை மாற்ற இடமளிப்பதும் சரிசெய்யத்தக்க கிளாம்ப். குழாயில் வழுக்காமல் நிற்பது, குழாயைக் காயப்படுத்தாமல் இருப்பது, பல அளவுகளுக்கு ஒத்துப்போவது ஆகிய மூன்றும் இதன் அடிப்படைத் தேவைகள். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதால், மூன்றையும் ஒருசேர நிறைவேற்றுவதே வடிவமைப்பாளரின் வேலை.

பொருந்த வேண்டிய விட்டங்கள்

நேரான ஹேண்டில்பார் கொண்ட சைக்கிள்களில் கைப்பிடிப் பகுதியின் வெளிவிட்டம் 22.2 மி.மீ., அதாவது 7/8 அங்குலம். ஹேண்டில்பார் தண்டைப் பிடிக்கும் ஸ்டெம் அமையும் நடுப்பகுதி பழைய வண்டிகளில் 25.4 மி.மீ. ஆக இருந்தது. இப்போது 31.8 மி.மீ. பரவலாக உள்ளது. சில மலைச் சைக்கிள்களில் 35 மி.மீ. அளவும் உண்டு. கீழ்நோக்கி வளைந்த பந்தயச் சைக்கிள் தண்டுகளில் பிரேக் நெம்புகோல் அமையும் பகுதி 23.8 மி.மீ.; நடுப்பகுதி 26 அல்லது 31.8 மி.மீ. மோட்டார் சைக்கிள்களில் 22.2 மி.மீ. பொதுவான அளவு. ஹார்லி டேவிட்சன் போன்ற பெரிய வண்டிகளில் 25.4 மி.மீ. வருகிறது. நடுவில் பருத்து ஓரங்களில் மெலியும் தண்டுகளில் நடுப்பகுதி 28.6 மி.மீ. இருக்கும்.

ஆகவே 22.2 முதல் 31.8 மி.மீ. வரை ஏற்கும் கிளாம்ப் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். விட்ட வேறுபாடு 9.6 மி.மீ. மட்டுமே என்றாலும், சுற்றளவில் அது சுமார் 30 மி.மீ. ஆகிறது. பட்டை வகைக் கிளாம்ப் இந்த 30 மி.மீ. நீளத்தை ஏதோ ஒரு வழியில் உள்வாங்கியாக வேண்டும்.

தண்டு பருமனிலிருந்து மெலிவுக்கு இறங்கும் சரிவான இடத்தில் கிளாம்பை மாட்டக்கூடாது. அங்கே இறுக்கும் விசையே கிளாம்பை மெலிந்த பக்கம் தள்ளிவிடும். காற்றுத்தடையைக் குறைப்பதற்காகத் தட்டையாக்கப்பட்ட தண்டுகளுக்கு வட்டக் குழாய்க்கான கிளாம்ப் பொருந்தாது.

சுமையும் பிடிப்பு விசையும்

கிளாம்பைச் சுழற்றப் பார்ப்பது துணைக்கருவியின் எடை மட்டுமன்று. அந்த எடை தண்டின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும்தான். தாங்கியுடன் சேர்த்து 300 கிராம் எடையுள்ள ஒரு கைபேசியின் நிறை மையம் தண்டின் அச்சிலிருந்து 60 மி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். வண்டி நிற்கும்போது திருப்புத்திறன் சுமார் 0.18 நியூட்டன் மீட்டர். குழியில் விழும்போது புவியீர்ப்பைப்போல் பத்து மடங்கு அதிர்ச்சி ஏற்படும் என்று வைத்தால் அது 1.8 ஆகும். பாதுகாப்புக் காரணி 2 எனக் கொண்டால், கிளாம்ப் ஏறத்தாழ 3.5 நியூட்டன் மீட்டரைத் தாங்க வேண்டும்.

இந்தத் திருப்புத்திறனை எதிர்ப்பது உராய்வு. இரு அரைவளையங்கள் தண்டை இருபுறமும் அழுத்தும்போது கிடைக்கும் தடை, உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, தண்டின் ஆரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனைப்போல் இரு மடங்கு. மழையில் நனைந்த நிலையையும் கருதி உராய்வுக் குணகத்தை 0.3 என்று தாழ்வாகவே எடுத்துக்கொண்டால், 31.8 மி.மீ. தண்டுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 370 நியூட்டன் அழுத்தம் தேவை. 22.2 மி.மீ. தண்டுக்கு அது 525 நியூட்டனாக உயர்கிறது. ஆரம் குறையக் குறைய உராய்வின் நெம்புநீளமும் குறைவதே காரணம். அதனால் சரிசெய்யத்தக்க கிளாம்பின் வலிமையை எப்போதும் மிக மெல்லிய தண்டை வைத்தே கணக்கிட வேண்டும்.

ஒரு பக்கம் கீலும் மறுபக்கம் போல்ட்டும் உள்ள கிளாம்பில், தண்டு இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போல்ட்டின் இழுவிசைபோல் இரு மடங்கு விசை தண்டின்மேல் விழும். எனவே மெல்லிய தண்டுக்கும் போல்ட்டில் 265 நியூட்டன் அளவு இழுவிசை இருந்தால் போதும். எம்5 போல்ட்டில் இதை உண்டாக்கத் தேவையான முறுக்குவிசை சுமார் 0.26 நியூட்டன் மீட்டர்தான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகும் குமிழிலேயே இது கிடைத்துவிடும். இறுக்கம் போதாமல் கிளாம்ப் தோற்பது அரிது. முதல் நாள் இருந்த இறுக்கம் நாளடைவில் தளர்வதே தோல்விக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

அளவைச் சரிசெய்யும் முறைகள்

மிக எளிய முறை, பெரிய விட்டத்துக்கான வளையமும் அதனுள் மாற்றி மாற்றிப் போடக்கூடிய உள்வளையங்களும். ஒவ்வொரு உள்வளையமும் தன் விட்டத்தோடு முழுப்பரப்பிலும் பொருந்துவதால் அழுத்தம் சீராகப் பரவும். உள்வளையங்கள் தொலைந்துபோகக்கூடும் என்பதே குறை.

இரண்டாவது, கீல் வைத்த அரைவளையங்கள். இவற்றின் உள்வளைவை 31.8 மி.மீ. தண்டுக்கு ஏற்பச் செய்தால், 22.2 மி.மீ. தண்டை அவை ஒரு கோட்டில் மட்டுமே தொடும். மெல்லிய தண்டுக்கு ஏற்பச் செய்தால், பருத்த தண்டில் வளையத்தின் விளிம்புகள் குத்தும். இரண்டுமே அழுத்தத்தை ஓரிடத்தில் குவிக்கும்.

இதற்கு மாற்றான மூன்றாவது முறை, உள்பரப்பை வளைவாகச் செய்யாமல் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் பள்ளமாக்குவது. எந்த விட்டமுள்ள தண்டும் இரு சாய்தளங்களையும் ஒவ்வொரு கோட்டில் தொட்டு, நடுவில் தானாக அமர்ந்துகொள்ளும். ஆப்பு விளைவால் பிடிப்பும் கூடுகிறது: 90 பாகைப் பள்ளத்தில் இரு தளங்களின் அழுத்தங்களையும் கூட்டினால், கொடுத்த விசையைப்போல் 1.41 மடங்கு, 120 பாகைப் பள்ளத்தில் 1.15 மடங்கு. ஆனால் கோணம் குறுகக் குறுக, விட்டம் மாறும்போது தண்டின் மையமும் அதிகம் நகரும். தண்டு 22.2 மி.மீ.யிலிருந்து 31.8 மி.மீ.க்கு மாறினால், 90 பாகைப் பள்ளத்தில் மையம் 6.8 மி.மீ. நகர்கிறது, 120 பாகையில் 5.5 மி.மீ. போல்ட்டின் நீளத்தையும் கீலின் இடத்தையும் தீர்மானிக்கையில் இந்த நகர்வைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, பட்டை. எஃகுப் பட்டை, பற்கள் கொண்ட நைலான் பட்டை, நீளும் ரப்பர் பட்டை ஆகியவை எல்லா விட்டங்களையும் சுற்றி வளைத்துப் பிடிக்கும். பற்பட்டையை ஒரு பல் ஒரு பல்லாகத்தான் இறுக்க முடியும் என்பதால், இடையில் வரும் தளர்வை அடியில் உள்ள ரப்பர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ரப்பர் பட்டைகள் எடை குறைந்த விளக்குகளுக்கு ஏற்றவை. கைபேசி போன்ற கனமான பொருளை அதிர்ச்சியில் நிலைநிறுத்தும் விறைப்பு அவற்றுக்கு இல்லை.

எந்த முறையிலும் முழுதாக இறுக்கிய பின் இரு பாதிகளுக்கும் இடையே ஓரிரு மி.மீ. இடைவெளி எஞ்சியிருக்க வேண்டும். மிக மெல்லிய தண்டில் மாட்டும்போதே இரு பாதிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், போல்ட்டை எவ்வளவு திருகினாலும் அந்த விசை தண்டுக்குப் போய்ச் சேராது.

உட்பட்டை

கிளாம்புக்கும் தண்டுக்கும் இடையில் வைக்கும் 1 முதல் 2 மி.மீ. ரப்பர் உட்பட்டை உராய்வைக் கூட்டுகிறது, தண்டின் பூச்சைக் காக்கிறது, கோட்டுத் தொடுகையைப் பரப்பாக விரிக்கிறது. இவற்றைவிட முக்கியமான ஒரு பயனும் உண்டு. மேலே கண்ட 265 நியூட்டன் இழுவிசையில், 20 மி.மீ. நீளமுள்ள எம்5 எஃகுப் போல்ட் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டுமே. எல்லா உறுப்புகளும் விறைப்பாக இருந்தால், பூச்சு நசுங்கியோ தூசி விலகியோ அந்த அளவு இடைவெளி விழுந்த உடனே இறுக்கம் முழுவதும் போய்விடும். அமுங்கிய ரப்பரோ, சற்றே வளையும் கிளாம்ப் கையோ அந்த இழப்பை ஈடுகட்டி, விசையைத் தக்கவைக்கிறது.

ரப்பரும் காலப்போக்கில் அமுங்கிய நிலையிலேயே நின்றுவிடும். இயற்கை ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடிப்பதால், இ.பி.டி.எம். ரப்பரும் சிலிக்கோனும் விரும்பப்படுகின்றன. உட்பட்டை நழுவாமலிருக்கக் கிளாம்பின் ஓரங்களில் சிறு வரம்பு வைப்பது வழக்கம்.

இறுக்கும் உறுப்பு

கருவி வேண்டாத இறுக்கத்துக்குக் குமிழ்த் திருகு அல்லது கேம் நெம்புகோல் பயன்படுகிறது. சைக்கிள் சக்கரத்தை நொடியில் கழற்ற உதவும் கேம் நெம்புகோலைப் பரவலாக்கியவர் இத்தாலியின் டுல்லியோ கம்பனியோலோ. அதே தத்துவம் கிளாம்புகளிலும் செயல்படுகிறது. கேம் தன் உச்சப் புள்ளியைச் சற்றே தாண்டி நிற்கும்போது தானாகத் திறக்காது. கேமின் நகர்வு சில மி.மீ. மட்டுமே என்பதால், விட்ட வேறுபாட்டை ஒரு நட் பார்த்துக்கொள்ள வேண்டும். கேம் கடைசி இறுக்கத்தை மட்டும் தரும்.

அதிர்வில் போல்ட் தளர்வதற்கு முக்கியக் காரணம், அதன் அச்சுக்குக் குறுக்காக நிகழும் சிறு நழுவல். இதை ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். இணைந்த பரப்புகள் பக்கவாட்டில் நகரும்போது மரையின் உராய்வு விடுபட்டு, போல்ட் தானே பின்னோக்கித் திரும்புகிறது. ஆகவே பக்கவாட்டு விசையைக் கீலோ, பள்ளத்தில் அமரும் முனையோ ஏற்க வேண்டும். போல்ட்டுக்கு இழுவிசை மட்டுமே வர வேண்டும். நைலான் வளையம் பதித்த நட், மரைப்பசை ஆகியவை கூடுதல் காப்பு.

துணைக்கருவியின் இணைப்பு

கோணத்தை மாற்றப் பந்து மூட்டும் பல்தட்டு மூட்டும் பயன்படுகின்றன. பந்து மூட்டு எல்லாத் திசையிலும் திரும்பும். ஆனால் அதன் ஆரம் தண்டின் ஆரத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பதால், தண்டை விட அதிக இறுக்கம் அதற்குத் தேவைப்படலாம். 24 பற்கள் கொண்ட பல்தட்டு 15 பாகை படிகளில் மட்டுமே திரும்பும். ஆனால் உராய்வை நம்பாமல் பற்களே சுமையைத் தாங்கும். கேமராக்களுக்கு ஐ.எஸ்.ஓ. 1222 தரத்தின் 1/4 அங்குல மரை பொது இணைப்பாக உள்ளது.

தாங்கியின் கையைக் குட்டையாக வைப்பது அவசியம். கையின் நீளம் இரு மடங்கானால், அதே விசையில் அதன் முனை எட்டு மடங்கு வளையும்.

பொருள்

6061-டி6 அலுமினியக் கலவை எடை குறைந்தது, உறுதியானது, கடைந்தெடுக்க எளியது. ஈரமும் உப்பும் சேரும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் மரையில் கிரீஸ் இட வேண்டும். பெருமளவு உற்பத்திக்குக் கண்ணாடி இழை சேர்த்த நைலான் ஏற்றது. பிளாஸ்டிக்கில் நேராக மரை வெட்டினால் விரைவில் தேயும். பித்தளை மரைச்செருகு பதிப்பதே முறை.

முப்பரிமாண அச்சில் செய்யும் கிளாம்புகளுக்குப் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் பொருந்தாது. அது சுமார் 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் கறுத்த பாகங்கள் அந்த வெப்பத்தை நெருங்கக்கூடும். வெயிலைத் தாங்கும் ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் அதைவிடச் சிறந்தது. அச்சு அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுவிசை வராதபடி பாகத்தைக் கிடத்தி அச்சிட வேண்டும்.

அதிர்வு

நான்கு வீச்சு ஒற்றை உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 4800 சுற்று சுழலும்போது முதன்மை அதிர்வு நொடிக்கு 80. கிளாம்பும் கருவியும் சேர்ந்த அமைப்பின் இயல் அதிர்வெண் இதை ஒட்டி அமைந்தால் ஒத்ததிர்வு எழும். ரப்பர்த் தாங்கி அதிர்வைக் குறைக்க வேண்டுமானால், அதன் இயல் அதிர்வெண் நொடிக்கு 56-க்கும் கீழே இருக்க வேண்டும். அதிக ஆற்றலுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைநிறுத்தும் பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-இல் எச்சரித்தது.

தண்டின் பாதுகாப்பும் சோதனையும்

ஹேண்டில்பார் முறிந்தால் ஓட்டுபவர் விழுவார். ஆகவே துணைக்கருவிக்காகத் தண்டைப் பலவீனப்படுத்துவது எக்காரணம் கொண்டும் ஏற்கத்தக்கதன்று. கூர்விளிம்பு அலுமினியத் தண்டில் கீறும் கோடு, களைப்பு வெடிப்புக்குத் தொடக்கமாகும். கார்பன் இழைத் தண்டு ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தில் வெளியே தெரியாமல் உள்ளே நசுங்கும். எனவே உள்விளிம்புகள் உருட்டப்பட வேண்டும். இறுக்கும் முறுக்குவிசையின் உச்ச அளவைக் கிளாம்பின் மேலேயே பொறிக்க வேண்டும். வெளிப்புறத்திலும் கூர்முனைகள் இருக்கக்கூடாது; பிரேக், கியர் கம்பிகளின் அசைவுக்கு இடம் விட வேண்டும்.

மாதிரியை மிக மெல்லிய தண்டிலும் மிகப் பருத்த தண்டிலும் மாட்டி, உலர்ந்தும் நனைந்தும் உள்ள நிலைகளில் எத்தனை நியூட்டன் மீட்டரில் வழுக்குகிறது என்று அளக்க வேண்டும். பிறகு அதிர்வு மேடை, ஐ.எஸ்.ஓ. 9227 முறையிலான உப்புத்தூவல், வெப்ப அறை ஆகியவற்றில் வைத்து, அதே அளவீட்டை மீண்டும் எடுக்க வேண்டும். தரமான கிளாம்புக்கு அடையாளம் இந்த இரண்டாவது அளவீடு முதலாவதை ஒட்டி நிற்பதும், கழற்றிய பின் தண்டில் தடயம் இல்லாதிருப்பதுமே.