ஓடந்துறை ஊராட்சி நிர்வாகம்

ஓடந்துறை, கோயம்புத்தூர் மாவட்டம் காரமடை ஊராட்சி ஒன்றியத்தில், மேட்டுப்பாளையத்தை ஒட்டி நீலகிரி மலையடிவாரத்தில் உள்ள கிராம ஊராட்சி. சொந்தக் காற்றாலை வைத்து மின்சாரம் விற்ற ஊராட்சியாக நாடெங்கும் பெயர் பெற்றது. வரவு செலவை நேர்மையாக வைத்திருக்கும் உள்ளாட்சி எவ்வளவு பெரிய காரியத்திலும் இறங்கலாம் என்பதற்குக் கொங்கு நாட்டில் முதலில் சொல்லத்தக்க சான்று இதுவே.

பின்னணி

ஊர்ப் பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெறி தமிழகத்தில் பழமையானது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியம் என்ற குழுப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்வில் பெயர் இடும் தகுதியிலிருந்து விலக்கின. வயது, சொத்து, கல்வி ஆகியவற்றுக்கும் அவற்றில் வரம்புகள் இருந்தன. ஆனால் உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களின் ஊர்ச்சபை. எல்லாக் குடிகளுக்குமான ஊராட்சி அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்துக்குப் பிறகே உறுதிப்பட்டது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது. ஓடந்துறையின் தலைவராக ஆர். சண்முகம் பொறுப்புக்கு வந்தது அந்தத் தேர்தலில்தான்.

1996 - 2006

இந்தப் பத்தாண்டுகளே ஓடந்துறையை உருவாக்கின. முதலில் கவனிக்கப்பட்டது குடிநீர். வீடுகளுக்குத் தண்ணீர் போகத் தொடங்கியதும் மோட்டார்களும் தெருவிளக்குகளும் சேர்ந்து மின்கட்டணத்தைப் பல மடங்காக்கின. கட்டணத்தைப் பாக்கி வைத்து, அரசு தள்ளுபடி செய்யும் என்று காத்திருக்கும் வழக்கத்தை இந்த ஊராட்சி பின்பற்றவில்லை. செலவைக் குறைக்கும் வழி தேடியது. 2003இல் மரக்கழிவை எரிவாயுவாக்கி இயங்கும் 9 கிலோவாட் மின்னாக்கி அமைக்கப்பட்டு, தண்ணீர் இறைக்கும் செலவு வெகுவாகக் குறைந்தது. சில குடியிருப்புகளுக்குச் சூரிய ஒளித் தெருவிளக்குகளும் வந்தன.

அடுத்தது காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில், 350 கிலோவாட் திறன் கொண்ட காற்றாலை 2006இல் நிறுவப்பட்டது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். உள்ளாட்சி அமைப்பு கடன் வாங்க அரசின் முன் அனுமதி வேண்டும். திருப்பிக் கட்டும் நம்பிக்கை இல்லாத இடத்தில் வங்கியும் பணம் கொடுக்காது. வரி வசூலும் சேமிப்பும் ஏட்டில் சரியாக இருந்ததுதான் இந்தக் கிராமம் கோடி ரூபாய்க் கடனுக்குத் தகுதி பெற்றதன் அடிப்படை.

ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தியானது. ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்தில் கடன் தவணைகள் கட்டப்பட்டன. வீடில்லாதவர்களுக்கு அரசுத் திட்டங்களின் கீழ் நூற்றுக்கணக்கான வீடுகளும் கட்டப்பட்டன. உலக வங்கி அதிகாரிகளும் பிற மாநில ஊராட்சித் தலைவர்களும் நேரில் வந்து பார்த்தனர்.

சண்முகத்துக்குப் பின் அவருடைய மனைவி லிங்கம்மாள் தலைவரானார். முந்தைய பணிகள் தடைபடாமல் தொடர்ந்தன.

கண்காணிப்பு முறைகள்

கிராம ஊராட்சியின் பொறுப்புடைமை மூன்று வகைப்படும்.

உள் கட்டுப்பாடு: காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் நினைத்தால் பணம் எடுக்க முடியாது.

மேல் கண்காணிப்பு: ஆண்டுத் தணிக்கை உண்டு. முறைகேடு செய்த தலைவரை விசாரித்துப் பதவி நீக்க ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்க முறைமன்ற நடுவம் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

மக்கள் கண்காணிப்பு: கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாள் கூடிவந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறு நாள் கூடுகிறது. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட்டு, தீர்மானம் பதிவேட்டில் ஏற வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கையும் உண்டு.

மூன்றிலும் முதன்மையானது கிராம சபையே. தணிக்கையாளர் பார்ப்பது ரசீதை. தண்ணீர் வந்ததா, விளக்கு எரிந்ததா என்று சொல்லக்கூடியவர் அந்தத் தெருவில் குடியிருப்பவர்தான்.

இன்றைய நிலை

2016இல் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்காமல், தமிழக ஊராட்சிகள் தனி அலுவலர்கள் வசம் இருந்தன. பெரும்பாலான மாவட்டங்களில் 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். வாக்குக் கேட்டு வராத அலுவலரிடம் ஊரார் கணக்குக் கேட்பது கடினம். ஓடந்துறையின் சாதனைகள் எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியின் காலத்தில் நடந்தவை. ஆகவே உரிய காலத்தில் தேர்தல் நடத்துவதே உள்ளாட்சி நேர்மைக்கு முதல் நிபந்தனை.