தோம்பு: காணி வழியே ஒரு கொடிவழி

பூட்டனார் யார், எந்தக் குறிச்சியில் இருந்தார் என்று தேடத் தொடங்கும் யாழ்ப்பாணத்தவர் முதலில் திறப்பது வீட்டு உறுதிப் பெட்டியை. அடுத்தது காணிப் பதிவகம். அதற்கும் பின்னால் போக நினைப்பவரின் காதில் விழும் சொல் தோம்பு. காணி, ஆள், வரி, ஊழியம் எல்லாவற்றையும் அரசு எழுதி வைத்த பதிவேடு அது.

சொல் போர்த்துக்கேயரோடு வந்தது. ‘தோம்போ’ என்று எழுதுவார்கள். ஈற்றை உகரம் போல ஒலிப்பார்கள். நம்மவர் வாயில் அது வேம்பு, பாம்பு வரிசையில் சேர்ந்து, பிறமொழிச் சாயலே தெரியாமல் போயிற்று. அதன் வேர் கிரேக்கத்தின் ‘தோமொஸ்’. வெட்டிய துண்டு என்பது முதற்பொருள். பின்னர் நூலின் ஒரு பாகத்தைக் குறித்தது. இலத்தீன் வழியாகப் போர்த்துகலுக்குப் போய்ச் சொத்துப் பதிவேடு ஆயிற்று. லிஸ்பனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயர் இன்றும் ‘தோரே தோ தோம்போ’, அதாவது தோம்புக் கோபுரம். 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய கோபுரம் இடிந்து விழுந்தது. ஏடுகளில் பெரும்பகுதி தப்பியது.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கந்தோர், நொத்தாரிசு என்று தங்கள் சொற்களை நமக்குத் தந்த அவர்களும் தோம்பை மாற்றவில்லை. சிங்களத்திலும் அது தோம்புவ என்றே நிலைத்தது. ஏடுதான் தடித்தது. காணிகளுக்கு ஒரு தோம்பு. குடும்பத் தலைவன், மனைவி, பிள்ளைகள் என்று ஆட்களுக்கு இன்னொன்று. பள்ளிக்கூடத் தோம்பில் ஊர்ச் சட்டம்பியார் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் பதிந்தார். அரச உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவைப்பட்ட காலம் அது. ஆகவே சைவக் குடும்பமொன்றின் முன்னோர் ஒருவர் ‘டொன்’ பட்டத்தோடு கிறிஸ்தவப் பெயரில் அங்கே நிற்கலாம். வேறு யாரோ என்று தள்ளிவிட வேண்டாம்.

பெயரை மட்டும் நம்பித் தேடினால் வழி தவறும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பெயரன், பேரன் ஆனான். ஒரே இரண்டு பெயர்கள் தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வர, எவர் பாட்டன், எவர் பேரன் என்று ஏட்டில் பிரித்தறிய முடியாது. பிரித்துக் காட்டுவது காணி.

பழைய உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். காணிக்குப் பெயர் இருக்கும். பரப்பும் குழியும் இருக்கும். பிறகு நான்கு எல்லை. கிழக்கே இன்னாரும் பங்காளரும், தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் மனைவி என்று போகும். அந்தப் பங்காளர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகளோ அவர்களின் பிள்ளைகளோதான், ஒரு வளவு பிரிந்து பிரிந்துதானே நான்கு வேலி ஆயிற்று! எல்லைக்காரரின் பெயர்களைத் தொடுத்தாலே பாதிக் கொடிவழி கிடைத்துவிடும். காணி எப்படி வந்தது என்ற வரியும் பெறுமதியானது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுக்கிறது. பழைய வழமையில் முதுசம் மகன்மாருக்கு, சீதனம் மகள்மாருக்கு. ‘சீதனம்’ என்று கண்டால் தேடலைத் தாய்வழிக்குத் திருப்ப வேண்டும். பூட்டியின் பெயர் வேறெங்கும் அகப்படாத குடும்பங்களில் அந்த ஒரு சொல்தான் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தோம்பை எழுதியவர்களுக்கு வம்சத்தைப் பற்றிய கவலை இருக்கவில்லை. யாரிடம் வரி வாங்கலாம், யாரிடம் ஊழியம் வாங்கலாம் என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. நிலமில்லாமல் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்களுக்குக் காணித்தோம்பில் இடமில்லை. பரம்பரை இல்லாமையால் அல்ல, காணி மறுக்கப்பட்டதால் அவர்களின் கொடிவழி அந்த ஏட்டில் ஏறவில்லை. தோம்பில் பெயருள்ள குடும்பம் என்று பெருமை பேசுபவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் ஒல்லாந்தர் காலத் தோம்புகளைப் பாதுகாத்து வருகிறது. ஆனால் அவற்றுக்கும் நம் பாட்டன்மாருக்கும் இடையிலான கண்ணிகள் வீட்டு உறுதிகளில்தான் இருக்கின்றன. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ பெட்டிகளைக் கொண்டுபோய்விட்டன. மிஞ்சிய உறுதி உங்கள் வீட்டில் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். எல்லையில் உள்ள ஒவ்வொரு பெயரும் உங்களுக்கு என்ன முறை என்று, சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.