காட்டேரி விபத்தும் டீக்கடைத் தீர்ப்புகளும்

2021 டிசம்பர் 8 அன்று 11.48 மணிக்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், 12.15க்கு நீலகிரியின் வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது; ஹெலிகாப்டர் காட்டேரி அருகே விழுந்தது. ஊரார் ஸ்டாஃப் காலேஜ் என்று சொல்லும் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்ற வந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். அன்று உயிர் தப்பிய குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்துப் பெங்களூரில் இறந்தார். வெலிங்டன் பஜாரிலும் அருவங்காட்டிலும் டீக்கடை விசாரணை உடனே தொடங்கிவிட்டது. ஆதாரமற்ற ஊகங்களைத் தவிர்க்குமாறு டிசம்பர் 10 அன்று விமானப்படை கேட்டுக்கொண்டது. வேண்டுகோள் நியாயமானதே. ஆனால் ஊர்ப்பேச்சு முழுவதையும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது என்பதே என் வாதம்.

அந்தப் பேச்சில் இரு வகை இருந்தன. ஒன்று, இடம் அறிந்தவர்களின் பேச்சு. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,000 அடி உயரம். வெலிங்டன் 6,000 அடி. சமவெளியின் ஈரக்காற்று பள்ளத்தாக்கு வழியே ஏறிக் குளிரும்போது, வெயில் அடித்துக்கொண்டிருந்த சரிவைச் சில நிமிடங்களில் மேகம் மூடிவிடும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இது தினசரி அனுபவம். காட்டேரி அருகே ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த வீடியோவிலும் தெரிவது இதுதான்: ஹெலிகாப்டர் மேகத்துக்குள் மறைகிறது; சற்று நேரத்தில், விழுந்துவிட்டதா என்று ஒரு குரல் கேட்கிறது. விழுந்த இடத்தை ஒட்டிய நஞ்சப்பசத்திரத்துக்காரர்கள் குடத்தில் தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மற்றது, தூரத்து ஊகம். 2020 ஜனவரியில் தைவான் ராணுவத் தலைமைத் தளபதி ஷென் யி-மிங் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததை இதனுடன் முடிச்சுப் போட்டுச் சதி என்றார்கள். இரண்டு விபத்துகள் நடந்தன என்பதைத் தவிர அதற்கு வேறு சான்று எதுவும் காட்டப்படவில்லை.

முப்படை விசாரணைக் குழு, விமானத் தரவுப் பதிவையும் விமானி அறைக் குரல் பதிவையும் ஆராய்ந்து, 2022 ஜனவரி 14 அன்று முதற்கட்ட முடிவை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததில் விமானி திசையுணர்வு இழந்தார் என்றது. தொடுவானம் கண்ணுக்குத் தெரியாதபோது உட்செவியின் சமநிலை உறுப்பு மனிதரை ஏமாற்றும். சாய்ந்து பறந்தாலும் நேராகப் பறப்பதாகவே தோன்றும். கட்டுப்பாட்டில் உள்ள இயந்திரமே மலையில் மோதுவது இப்படித்தான். முதல் வகைப் பேச்சு இந்த முடிவுக்கு வெகு அருகில் இருந்தது.

ஆனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியில் டீக்கடை சறுக்கியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கை, 2017–22 காலத்து 34 விமானப்படை விபத்துகளைப் பட்டியலிட்டபோது இவ்விபத்துக்குக் காரணம் மனிதப் பிழை என்றது. ‘அன்றைக்கு வானிலை என்றார்கள், இன்றைக்கு விமானி என்கிறார்கள்’ என்ற பேச்சு எழுந்தது. முரண்பாடு அவ்வளவு பெரிதல்ல. கணிப்புப் பிழை வேறு, அலட்சியம் வேறு என்பதை, மருத்துவர்கள் தொடர்பான ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியிருக்கிறது. சுழற்பந்தைத் தவறாகக் கணித்தவரையும் சோம்பலில் ரன் அவுட் ஆனவரையும் வெவ்வேறு சொற்களால் திட்டத் தெரிந்தவர்களுக்கு இது புரியாததல்ல.

புரியவைக்கும் ஆவணம்தான் அவர்கள் கைக்கு வரவில்லை. 2020 ஆகஸ்டில் நடந்த கோழிக்கோடு விமான விபத்தின் அறிக்கையை, ராணுவம் சாராத விமானங்களுக்கான விபத்து விசாரணைப் பிரிவு 2021இல் முழுமையாக வெளியிட்டது. விமானியின் பங்கைப் பற்றி யாரும் பக்க எண் காட்டி வாதாடலாம். ராணுவ விமானங்கள் அந்தப் பிரிவின் விசாரணை விதிகளுக்குள் வருவதில்லை. ரகசியம் தேவைப்படும் பகுதிகளை நீக்கிவிட்டு, வானிலைத் தகவலும் பறந்த பாதையும் அடங்கிய சுருக்கத்தையாவது வெளியிட்டிருக்கலாம். காட்டேரியைப் பற்றி வாதிடுபவருக்குக் கிடைத்திருப்பது ஒரு செய்திக்குறிப்பும் அட்டவணையில் ஒரு வரியும்தான்.