எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையின் துல்லியம்: ஊசி, மாதிரி, எண்ணிக்கை – ஒரு வரலாற்று நோக்கு

இரத்தப் புற்றுநோயைக் கண்டறிந்த வரலாறு பெரும்பாலும் நுண்ணோக்கியின் வரலாறாகவோ மரபணு ஆய்வின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. நுண்ணோக்கியின் அடியில் வைக்கப்பட்ட பொருள் உடலிலிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்னும் வினா அவ்வரலாறுகளில் ஓரத்தில் நிற்கிறது. பரிசோதனையின் துல்லியம் கூடியதும் குறைந்ததும் பல வேளைகளில் அவ்வோரத்திலேயே தீர்மானிக்கப்பட்டன என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரத்த அணுக்கள் மஜ்ஜையில் உருவாகின்றன என்பதை 1868இல் கோனிக்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நாய்மனும் இத்தாலியில் ஜூலியோ பிட்சோசெரோவும் தனித்தனியே அறிவித்தனர். உயிருள்ள நோயாளியின் மஜ்ஜையை ஆய்வது அதற்கு நெடுநாள் கழித்தே இயன்றது. 1908இல் கெதினி முழங்காலுக்குக் கீழுள்ள கால் எலும்பைத் துளைத்து மாதிரி எடுத்தார். வயது வந்தோரின் கால் எலும்பில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு மஜ்ஜையே. எனவே அங்கு நோய் தென்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது. 1920களில் ஸெய்ஃபார்த் மார்பெலும்பைத் தேர்ந்தார். எனினும் அதற்கு அறுவை தேவைப்பட்டது. லெனின்கிராடில் அரின்கின் 1927இல் ஊசியால் மார்பெலும்பைக் குத்தி மஜ்ஜையை உறிஞ்சியெடுத்தபின் இப்பரிசோதனை எளிதாயிற்று. திரும்பத் திரும்பச் செய்யவும் முடிந்தது.

எளிமைக்கு விலை இருந்தது. உறிஞ்சும்போது அணுக்களின் இட அமைப்பு சிதைகிறது. நார்த்தன்மை மிகுந்த மஜ்ஜையிலிருந்து எதுவும் வராமற்போவதும் உண்டு. 1971இல் ஜம்ஷிதியும் ஸ்வைமும் வெளியிட்ட, நுனி குறுகிய ஊசி எலும்புத் துண்டை நசுக்காமல் எடுக்க உதவி இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. உறிஞ்சலின் மற்றொரு குறை, மஜ்ஜையோடு இரத்தமும் கலந்துவிடுவது. முதல் உறிஞ்சலில் வரும் சில துளிகளே செறிவானவை. அடுத்தடுத்து எடுப்பவற்றில் இரத்தத்தின் பங்கு கூடுகிறது. முதல் துளிகளைக் கண்ணாடி வில்லைக்குத் தராமல் வேறு ஆய்வுக்கு அனுப்பினால், முதிரா அணுக்களின் விழுக்காடு உள்ளதைவிடக் குறைவாகவே பதிவாகக்கூடும்.

இது வெறும் ஆய்வகச் சிக்கலன்று. 1976ஆம் ஆண்டின் பிரெஞ்சு-அமெரிக்க-பிரித்தானிய வகைப்பாடு தீவிர மயலாய்டு லுக்கீமியாவுக்கு 30 விழுக்காடு முதிரா அணுக்களை எல்லையாக வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாடு அதனை 20ஆகக் குறைத்தது. 22 விழுக்காடு கொண்ட ஒருவரின் நோய்ப்பெயர், உடலில் எம்மாற்றமும் இன்றியே, மாறிற்று. அந்த எண்ணே எவ்வளவு உறுதியானது? உண்மை அளவு 20 விழுக்காடாக இருப்பினும், 100 அணுக்களை மட்டும் எண்ணும்போது தற்செயலால் முடிவு ஏறத்தாழ 12 முதல் 28 வரை அலையலாம். 500 எண்ணினால் 16.5 முதல் 23.5 வரை. மஜ்ஜையில் 500 அணுக்களை எண்ண வேண்டும் என்னும் விதி எழுந்தது இதனாற்றான். ஆயினும் நீர்த்த மாதிரியில் எத்தனை அணுக்களை எண்ணினாலும் பிழை நீங்காது. தவறான எண்ணே மேலும் உறுதியாகக் கிடைக்கும்.

2022இல் வெளிவந்த வகைப்பாடுகள் குறிப்பிட்ட மரபணு மாற்றங்கள் உள்ளபோது 20 விழுக்காட்டு எல்லையைத் தளர்த்தின. இதனால் மாதிரியின் தரம் முக்கியத்துவம் இழந்துவிட்டது எனக் கொள்வது பிழை. சிகிச்சைக்குப்பின் பத்தாயிரத்தில் ஓர் அணுவாக எஞ்சும் நோயைத் தேடும் இன்றைய ஆய்வுகளும் அதே முதல் துளிகளையே வேண்டுகின்றன. வில்லைக்கும் அவற்றுக்குமிடையே அத்துளிகளைப் பகிர்வது எவ்வாறு என்பதை நோயாளியின் படுக்கையருகில் ஊசியைப் பிடித்திருப்பவரே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.