பாராதைராய்டுக் கட்டியின் ஸ்தான நிர்ணயமும் படத்தின் அதிகார எல்லையும்

தைராய்டின் பின்புறத்தே பெரும்பாலும் நான்காக, பருப்பளவே பருமனுள்ளவையாக அமைந்து, ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காத்துவரும் பாராதைராய்டு சுரப்பிகளுள் ஒன்று கட்டியாக வளர்ந்து மிகையாக ஹார்மோன் சுரக்கத் தொடங்குமாயின், எலும்பு நலிந்து, சிறுநீரகத்தில் கற்கள் தோன்றி, தேகம் முழுதுமே தளர்ந்துவிடுகிறது. அக்கட்டியை அகற்றுவதே சிகிச்சை என்பது 1925-இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் செய்த அறுவையால் புலப்பட்டது. எனினும், அதை எங்கே தேடுவது என்ற வினா அத்துடன் தீரவில்லை.

சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் தலைவரின் சரித்திரம் இதற்குத் தக்க சாட்சி. எலும்புகள் நொறுங்கி ஏறக்குறைய 7 அங்குலம் உயரம் குன்றிய அம்மனிதருக்கு ஆறு அறுவைகளும் பயனற்றுப் போக, 1932-இல் பாஸ்டனில் நிகழ்ந்த ஏழாவது அறுவையில்தான் கட்டி மார்பறையினுள் அகப்பட்டது. சில வாரங்களில் அவர் காலமானார். கீழ்ச்சுரப்பிகள் கருவில் தைமஸ் சுரப்பியோடு ஒன்றாய்த் தோன்றி, அதனுடனேயே கீழிறங்குவதால், தாடையின் அருகிலிருந்து மார்பின் உட்புறம் வரையில் எவ்விடத்திலும் தங்கிவிடக்கூடும் என்பதே இந்த அலைச்சலுக்குக் காரணம்.

இன்றைய கருவிகள் பலவாயினும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்புண்டு. அல்ட்ராசவுண்டு எளியது, கதிர்வீச்சற்றது. ஆனால் மார்பெலும்புக்குப் பின்னும் மூச்சுக்குழலுக்குப் பின்னும் ஒலியலை செல்லாது. டெக்னீஷியம் சேர்ந்த செஸ்டமிபியோ, மைட்டோகாண்ட்ரியா மிகுந்த கட்டியின் உயிரணுக்களில் நெடுநேரம் தங்க, தைராய்டிலிருந்து விரைவில் நீங்குவதால், முதலிலும் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குப் பின்னரும் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டுக் கட்டியைக் காண்கிறோம். மார்பறையில் ஒளிந்ததையும் இது காட்டவல்லது, ஆனால் தைராய்டு முடிச்சுகளும் அவ்வாறே ஒளிர்ந்து ஏமாற்றுவதுண்டு. சாயமருந்து கட்டியில் விரைந்து ஏறி விரைந்து வடியும் கதியைக் கணிக்கும் நாற்பரிமாண சி.டி.யும், ஃபுளூரோகோலின் கொண்டு எடுக்கும் பெட் படமும், முந்தியவை தவறவிட்ட சிறு கட்டிகளைப் பலமுறை பிடித்துக் கொடுக்கின்றன.

இவ்வளவு திறமையைக் கண்டு, படத்தையே நோய் நிர்ணயமாகக் கொள்ளும் மயக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். நோயை நிலைநாட்டுவன ரத்தத்திலுள்ள கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனுமே. படம் சஸ்திர வைத்தியருக்குப் பாதையைக் காட்டுவதன்றி, பாதை உண்டா என்று தீர்ப்பளிப்பதன்று. பத்தில் ஒருவருக்கேனும் ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் கெட்டிருக்கும். படம் பெரும்பாலும் தடுமாறுவது அவர்களிடத்திலேதான். ஹார்மோன் சில நிமிஷங்களிலேயே பாதியாகச் சிதைவதால், கட்டியை எடுத்த 10 நிமிஷத்தில் அதன் அளவு பாதிக்கு மேல் இறங்கியதா என்று அறுவை மேடையிலேயே சோதிப்பது, படத்தின் சொல்லைச் சரிபார்க்கும் சிறந்த உபாயமாகும்.

ஆகவே, படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, நோய் உறுதிப்பட்ட ஒருவரைச் சிகிச்சையின்றித் திருப்பி அனுப்பாமல், இத்துறையில் கைதேர்ந்த சஸ்திர வைத்தியரிடம் ஒப்படைக்குமாறு மருத்துவ நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.