வெள்ளைக் கழிச்சலும் வீட்டுக் கோழியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும்போது இன்று நம் கண்ணில் படுபவை தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் தொழிற்சாலை எழுந்தது. ஆனால் சாலையை விட்டு உள்ளே சிறிது தூரம் நடந்து பாருங்கள். தெருவோரத்தில் ஒரு பெட்டைக்கோழி தன் குஞ்சுகளுடன் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் பார்வை அதன் மேலேயே இருக்கும்.

அந்தப் பார்வையில் ஒரு பொருளாதாரமும், ஒரு நூற்றாண்டு அறிவியல் வரலாறும் அடங்கியிருக்கின்றன.

பாட்டியின் சேமிப்பு

நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 முட்டைகள் இடும். பண்ணைக் கோழி இடும் 300 முட்டைகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவே. எனினும் நாட்டுக்கோழிக்குத் தீவனச் செலவு பெரும்பாலும் இல்லை. சிந்திய தானியம், கறையான், புழு, சோற்றுப் பருக்கை இவையே அதன் உணவு. தானே அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் தப்பியவை வளரும். இரவில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் போதும்.

நடவுக்கும் களையெடுப்பிற்கும் போக உடலில் வலுவில்லாத முதிய பெண்களுக்கு இத்தொழில் மிகவும் ஏற்றது. தமிழக அரசு 1962-இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும், கூலி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஏழை மூதாட்டிக்குக் கோழியே ஓய்வூதியம் எனலாம். மருந்துக் கடைக்குப் போக வேண்டுமா? இரண்டு சேவல்களை விற்கலாம். பேத்திக்கு நோட்டுப் புத்தகம் வேண்டுமா? ஒரு வார முட்டை போதும்.

இந்தச் சேமிப்பில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. ஒரு காலையில் கோழி தலை கவிழ்ந்து நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். மூச்சுத் திணறும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். சில நாட்களில் பஞ்சாரமே காலியாகிவிடும். தடுப்பூசி போடாத மந்தையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் இறப்பதுண்டு. இதையே நம் மக்கள் வெள்ளைக் கழிச்சல் என்கின்றனர். அறிவியலாளர் இதற்கு இட்ட பெயர் இராணிக்கெட் நோய்.

மூன்று ஊர்கள், ஒரே நோய்

எங்கோ இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கெட்டுக்கும் நம்மூர்க் கோழிக்கும் என்ன தொடர்பு? 1926-ஆம் ஆண்டு சாவகத் தீவில் கோழிகள் கூட்டங் கூட்டமாக மடிந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் என்னும் துறைமுக நகரின் அருகிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அக்காலத்தில் கோழிகள் மொத்தமாக இறந்தால் 'கோழிக் கொள்ளை நோய்' என்று சொல்லிவிடுவர். இன்று நாம் பறவைக் காய்ச்சல் என்பது அதுவே.

ஆனால் டாயில் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு நுட்பமான சோதனை செய்தார். ஒரு நோயிலிருந்து பிழைத்த கோழிக்கு அதே நோய் மீண்டும் எளிதில் வராது. அப்படியானால், பழைய கொள்ளை நோயை எதிர்க்கும் ஆற்றல் பெற்ற கோழி இந்த நோயையும் எதிர்க்க வேண்டுமல்லவா? எதிர்க்கவில்லை. ஆகவே இது வேறொரு வைரஸ் என்று 1927-இல் அவர் அறிவித்தார். இதற்கு நியூகாசில் நோய் என்று பெயரிட்டார்.

நம் நாட்டில், குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் கண்ட நோயை எட்வர்ட்ஸ் 1928-இல் பதிவு செய்தார். அவர் அருகிலிருந்த முக்தேசுவரம் ஆய்வுக்கூடத்தின் தலைவர். சென்னை மாகாணத்திலோ இது 'மதராஸ் கோழிக் கொள்ளை' என்றும் எழுதப்பட்டது. ஊருக்கொரு பெயர் இருந்தாலும் நோய் ஒன்றே என்று பின்னர் தெளிந்தது.

முட்டைக்குள் பிறந்த மருந்து

இந்நோய்க்கு நேரடியான மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தடுப்பதே வழி. 1940-இல் இந்தியரான எஸ். ஜி. ஐயரும், டாப்சன் என்பவரும் ஒரு முறையை வெளியிட்டனர். வைரஸைக் கருவுற்ற கோழி முட்டையில் வளர்த்து, அதிலிருந்து எடுத்து அடுத்த முட்டையில் செலுத்தி, இவ்வாறே தொடர்ந்து செய்தால் அதன் கொடுமை குறைகிறது. ஆனால் கோழியின் உடலில் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் திறன் குன்றுவதில்லை. இதே வழியில் முக்தேசுவரத்தில் ஹாடோவும் இத்னானியும் உருவாக்கிய தடுப்பு மருந்து 1946-இல் வெளியாயிற்று.

முக்தேசுவர மருந்து வலிமை மிக்கது. இளங்குஞ்சுகள் அதைத் தாங்கா. எனவே ஏழாம் நாள் வாக்கில் மென்மையான மற்றொரு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுவர். எட்டாம் வாரத்தில் வலிய மருந்தை இறக்கையின் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் சென்றால் இராணிப்பேட்டை வரும். மாட்டு வெக்கை நோயை ஒடுக்குவதற்காக 1932-இல் அங்கே நிறுவப்பட்ட அரசு நிலையம், பின்னர் கோழிகளுக்கான இம்மருந்தையும் தயாரிக்கலாயிற்று.

மருந்து இருந்தும் ஏன் சாகின்றன?

மருந்து நெடுஞ்சாலை வரை வந்தது. பாட்டியின் வாசல் வரை வருவதில்தான் சிக்கல். இது உயிருள்ள வைரஸால் ஆனது, வெப்பத்தில் கெடும். பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். ஒரு குப்பியில் நூறு, இருநூறு கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்தபின் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். ஆயிரம் கோழி உள்ள பண்ணைக்கு இது எளிது. ஆறு கோழி உள்ள பாட்டிக்கு?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய அறிஞர் ஸ்பிராட்பிரோ. வெப்பத்தைத் தாங்கும் வைரஸ் வகையைத் தீவனத்தில் பூசிக் கோழிக்கு உண்ணக் கொடுக்கும் முறை 1980-களில் தென்கிழக்கு ஆசியாவில் சோதிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1989-இல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்தை உருவாக்கியது. ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம்.

இன்னொரு வழி, ஊரே சேர்ந்து செய்வது. தமிழகக் கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவார கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்தி வருகிறது. ஒரு தெருவில் பத்து வீட்டுக் கோழிகள் ஒன்றுசேர்ந்தால் ஒரு குப்பி வீணாவதில்லை.

நாம் செய்யக்கூடியது

நோய் கண்டதும் பலர் மிஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். போட்ட முதலில் பாதியாவது தேறட்டும் என்பது அவர்கள் கணக்கு. அதில் குற்றம் காண நமக்கு மனம் வராது. ஆயினும் அந்தக் கோழியோடு நோயும் அடுத்த ஊருக்குப் பயணம் செய்கிறது. இறந்தவற்றைக் குப்பையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.

மாணவர்களே! அடுத்த பிப்ரவரியில் உங்கள் தெருவில் முகாம் எந்த நாள் என்று விசாரியுங்கள். அந்த மாலை பஞ்சாரத்தில் அடைந்த கோழிகளை மறுநாள் காலை திறந்துவிட வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லுங்கள். விடிந்ததும் கூடையோடு தூக்கிச் செல்வது உங்கள் வேலை. சாவகத்திலும் நியூகாசிலிலும் முக்தேசுவரத்திலும் நடந்த ஆராய்ச்சி அந்தக் கடைசி நூறு அடியைக் கடக்க உங்கள் கைகளே வேண்டும்.